பல்லுக்காரர் முந்தி அள்ளிய குப்பை

பல்லுக்காரர் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவர். அந்த அவசரம் ஐம்பத்தெட்டு வயதாகியும் அவரை விட்டுப் போகவில்லை. மின்கட்டணச் சீட்டு வரும் முன்பே பணத்தைச் சில்லறையோடு எண்ணி உறையில் போட்டு வைத்துவிடுவார். ஒன்பது மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே நிலையத்துக்குப் போய், அதற்கு முந்தைய இரண்டு ரயில்களையும் வழியனுப்பி வைப்பார். விருந்துக்குக் கூப்பிட்டால் நாற்காலி விரிக்கிறவர்களோடு சேர்ந்து நாற்காலி விரிக்க வேண்டிய நேரத்தில் போய் நிற்பார். இதையெல்லாம் அவர் ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டார். அவர் மனைவி இதற்கு வைத்திருந்த பெயர் வேறு. அதை அவர் காதுபடச் சொன்னதில்லை.

அவருடைய தொழில் பல் செட் செய்வது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் பதித்து, கொதிநீரில் வேகவைத்து, மோட்டாரில் பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். நோயாளி யார், என்ன உத்தியோகம் என்பதெல்லாம் இவருக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆயிரத்துச் சொச்சம் பேருடைய வாய் மட்டும் இவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு வாய்க்கும் பிளாஸ்டரில் நகல் அச்சு ஒன்று எடுத்து, அடியில் எண் எழுதி, அலமாரியில் அடுக்கியிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் 1,143 ஜோடித் தாடைகள். எண்ணுக்கு எதிரே பல்லின் நிறமும் தாடையின் கோணலும் எழுதிய பேரேடு ஒன்றும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆற்றின் கரை உடைந்தது. பல்லுக்காரர் முந்தின நாளே வதந்தியைக் கேட்டுப் பேரேட்டை மாடியறைக்குக் கொண்டுபோய்விட்டார். மோட்டாரைக் கொண்டுபோகவில்லை, அது மேசையோடு ஆணி அடிக்கப்பட்டிருந்தது. தண்ணீர் கீழ்வீட்டில் மூன்று அடி பத்து அங்குலம் ஏறி, நாற்பத்தொரு மணி நேரம் நின்றது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வடிந்தது. ஒன்பதரைக்கு அவர் லாரி பேசப் போய்விட்டார்.

"நாலு நாள் பொறுத்தா என்னங்க? இன்னிக்கு ஊரே லாரி தேடும். வாய்க்கு வந்ததைக் கேப்பான்" என்றார் மனைவி.

"நாலு நாள்ல நாறிப்போயிடும். தெருவுலயே முதல்ல சுத்தமான வீடு நம்ம வீடா இருக்கணும்."

"எதுக்கு? பரிசு குடுக்கிறாங்களா?"

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். லாரிக்காரர் நான்கு ஆட்களுக்கும் இரண்டு நடைக்கும் சேர்த்து முப்பத்தோராயிரத்து நானூறு கேட்டார். சாதாரண நாளில் அது பன்னிரண்டாயிரம் பெறும் வேலை. பல்லுக்காரர் சேமித்து வைத்திருந்தது மொத்தம் முப்பத்து நாலாயிரம். பேரம் பேசினால் லாரி வேறு வீட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில் முழுத் தொகையையும் முன்பணமாகவே கொடுத்தார்.

அடுத்த வீட்டு வேலையும் காத்திருந்ததால் ஆட்கள் மின்னலாக வேலை செய்தார்கள். ஊறிப்போன மெத்தை, ஒரு கால் போன சோபா, உப்பிய கதவு, இற்றுப்போன அலமாரி எல்லாம் லாரி ஏறின. அலமாரி சரிந்து சேற்றில் கிடந்த தாடைகளுக்கு முன்னால் ஆட்கள் தயங்கி நின்றார்கள்.

"ஐயா, இதையும் அள்ளணுமா? பாத்தா பயமா இருக்கு."

"அச்சையுமா போடப் போறீங்க?" என்று மனைவியும் கேட்டார்.

"சேறு பட்டது எதுவும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. அள்ளுங்கப்பா, மணி ஓடுது!"

இருபத்திரண்டு வருடத்து வாய்கள் பதினெட்டு நிமிடத்தில் லாரி ஏறின. அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மாலையில், மோட்டார் கெட்டுவிட்டதா என்று உடனே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, ஈரம் காயும் முன்பே சுவிட்சைப் போட்டார். உடனே தெரிந்தது. நீலமாகப் புகை வந்தது. புது மோட்டார் இருபத்தாறாயிரம். கையில் மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறு. மோட்டார் இல்லாவிட்டால் பாலிஷ் இல்லை. பாலிஷ் இல்லாத செட்டை வாயில் வைத்தால் நாக்கு ரணமாகிவிடும். அதாவது தொழிலே இல்லை.

ஆனாலும் திங்கட்கிழமை காலை தரையெல்லாம் பினாயில் மணக்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வாசலில் நின்றார். தெருவில் மற்றப் பதினொரு வீட்டு வாசலிலும் சேறும் சகதியுமாகக் கிடந்தது. எதிர்வீட்டு புரோக்கர், வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிறவர், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படித்தான் இந்த நாத்தத்துல உக்காந்து டீ இறங்குதோ உங்களுக்கு!" என்றார் பல்லுக்காரர்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அண்ணே" என்றார் புரோக்கர். கோபப்படவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது. வெள்ளத்தில் சேதமான பொருட்களையும் இடிபாடுகளையும் அகற்ற வீட்டுக்கு நாற்பதாயிரம் வரை உதவித்தொகை. குப்பையை வாசலில் குவித்து வைக்க வேண்டும். அதிகாரி வந்து கன அடிக் கணக்கில் அளப்பார். அளந்தபின் இருபத்து நாலு மணி நேரத்தில் அகற்றிவிட வேண்டும்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே பல்லுக்காரர் மனு வாங்கும் அலுவலக வாசலில் இருந்தார். டோக்கன் எண் ஒன்று. பத்தரைக்கு வந்த அளவு ஆபீசர் மூக்கையும் வாயையும் மூடிய துணி முகக்கவசத்தோடு உட்கார்ந்தார். சேற்று நாற்றத்துக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பேசிய முதல் வாக்கியத்திலேயே பல்லுக்காரருக்குப் புரிந்துவிட்டது: உள்ளே மேல் செட்டும் இல்லை, கீழ் செட்டும் இல்லை. காற்று போகிற போக்கு அப்படி.

"குப்பை எவ்வளவு இருக்கும், ஐயா?"

"இப்ப இல்ல சார். ஞாயித்துக்கிழமையே அள்ளிட்டேன். இந்தாங்க, லாரிக்காரர் குடுத்த சீட்டு."

ஆபீசர் சீட்டைத் தொடாமல் பார்த்தார். அது பிஸ்கட் அட்டையின் பின்பக்கம்.

"குப்பை இல்லேன்னா எதை அளக்கிறது?"

"அதான் சொல்றேனே, அள்ளிட்டேன்."

"அப்ப உங்க வீடு இப்ப சுத்தமா இருக்கு."

"பளிச்சுன்னு இருக்கு சார்."

"ரொம்ப சந்தோஷம். பாதிக்கப்படாத வீட்டுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அடுத்தவர் வாங்க."

"சார், நான் காசு குடுத்து அள்ளியிருக்கேன்!"

"யாரைக் கேட்டு அள்ளினீங்க?"

பல்லுக்காரர் பிஸ்கட் அட்டையை மறுபடியும் நீட்டினார். ஆபீசர் கொஞ்சம் இரக்கப்பட்டார். "மனுவை வாங்கிக்கறேன். நான் வர்றப்ப வாசல்ல குப்பை இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லி மனுவை மேசையில் வைத்தார். அடுத்தவர் மனு அதன்மேல் உட்கார்ந்தது. அதற்கடுத்தது அதன்மேல். மாலைக்குள் முதல் மனு எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது. அளக்கிறவர் மேலிருந்துதான் எடுப்பார் என்பதை ஐந்தே முக்காலுக்கு வந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவர் ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் மைதானத்துக்குப் போனார். தன் குப்பையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மைதானத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்த குவியல் அது ஒன்றுதான். அதே லாரிக்காரர் திருப்பிக் கொண்டுவர ஆறாயிரம் கேட்டார்.

"ஏம்ப்பா, இது என் குப்பை!"

"கொண்டுபோறப்ப உங்க குப்பை அண்ணே. இறக்கினதுக்கு அப்புறம் மைதானத்துக் குப்பை. திருப்பி ஏத்தறது தனி வேலை."

கையில் இருந்த இரண்டாயிரத்து அறுநூறு போக, மனைவி பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த மூவாயிரத்து நானூறும் போயிற்று. குவியல் வாசலில் வந்து இறங்கியபோது மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"காசு குடுத்து அனுப்பி வச்ச குப்பையை, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த வீடு உலகத்துலயே நம்ம வீடு ஒண்ணுதான்ங்க."

"நாற்பதாயிரம் வரட்டும், அப்புறம் பேசு."

"வரட்டும். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

அன்று சாயங்காலம் புரோக்கர் தெருக்காரர்கள் நாலு பேரோடு வந்தார். அவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பொறுமையாகக் காத்திருந்த அவர்கள் வீட்டுக் குப்பையிலிருந்து, பழைய இரும்பு வாங்குகிறவர்கள் இரும்பையும் அடுப்பெரிக்கிறவர்கள் மரத்தையும் நைசாக எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் சேறுதான். சேற்றை அளந்தால் எட்டாயிரம்கூடத் தேறாது.

"அண்ணே, உங்க மனு அடியில இருக்கு. ஒரு நாளைக்கு மூணு வீடுதான் அளக்கறார். உங்க முறை வர்றது அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் உங்க குப்பை சும்மாதானே கிடக்கும்?"

"அதனால?"

"தள்ளுவண்டி என்னோடது. வேலை எங்களோடது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வரட்டும். பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விட்டுடறோம்."

பல்லுக்காரர் தயங்கினார். புரோக்கர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு எங்க நாத்தத்தைப் பாத்துச் சிரிச்சீங்க. நாங்க ஏதாவது சொன்னோமா? இன்னிக்கு உங்க வாசல்ல நாறுது. நாங்க ஏதாவது சொல்றோமா?"

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் காலை என்று குவியல் தெருவைச் சுற்றியது. ஆபீசர் ஒரு வீட்டை அளந்து, எழுதி, டீ குடித்து முடிப்பதற்குள் அது பின்சந்து வழியாக அடுத்த வாசலுக்கு முன்னதாகவே போய் அவருக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கொஞ்சம் உடைந்தது. அதனால் பார்க்கப் பார்க்கச் சேதம் கூடியது.

நான்காவது வீட்டில் ஆபீசர் பேனாவை நிறுத்தினார்.

"இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே கடையில சோபா வாங்கியிருக்கீங்க போல."

"ஆமா சார். மொத்தமா எடுத்தா தள்ளுபடி" என்றார் புரோக்கர்.

"எல்லாத்துலயும் அதே கால்தான் போயிருக்கு."

"தயாரிப்புலயே கோளாறு சார். அப்பவே சண்டை போட்டோம்."

ஆபீசர் ஒரு தாடையைச் செருப்பு நுனியால் புரட்டினார். "இது என்ன?"

"அலங்காரப் பொருள் சார். வரவேற்பறையில வைக்கிறது. இப்ப இதுதான் மாடல்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். பதினொரு அறிக்கைகளிலும் "தாடை வடிவ அலங்காரப் பொருட்கள், ஏராளம்" என்ற வரி ஒரே கையெழுத்தில் பதிவானது. தங்கள் வரவேற்பறை அப்படிப்பட்டது என்பது பதினொரு குடும்பங்களுக்கும் அன்றுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்குப் பல்லுக்காரர் முறை வந்தது. குவியல் 365 கன அடி இருந்தது; கன அடிக்கு நூறு. ஆபீசர் அதை எழுதிவிட்டு, வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இதுவும் அலங்காரப் பொருள்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிரே புரோக்கர் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை செய்தார். ஆனால் இருபத்திரண்டு வருட உழைப்பை யாரோ அலங்காரம் என்று சொல்வது பல்லுக்காரருக்குப் பொறுக்கவில்லை. பதினொரு வாசலில் பொறுத்தது பன்னிரண்டாவது வாசலில் முடியவில்லை.

"என்ன சார் அலங்காரம்? இது என் தொழில்! ஒவ்வொண்ணும் ஒரு மனுஷனோட வாய். அடியில நம்பர் போட்டிருக்கேன், பாருங்க!"

ஆபீசர் எழுதியதை அடித்தார். "தொழிலா? வீட்டுக் குப்பைக்குத்தான் இந்தத் திட்டம். தொழில் கழிவுக்கு வேற ஆபீஸ், வேற படிவம். அந்த ஆபீஸ் இன்னும் திறக்கல." பிறகு ஒரு சிறு ரசீதைக் கிழித்து நீட்டினார். "தொழில் கழிவைத் தெருவுல போட்டதுக்கு ஐநூறு அபராதம். நாளைக்குள்ள எடுக்கலேன்னா தினம் ஐநூறு."

அவர் போனபின் புரோக்கர் ஓடிவந்தார். "ஏன் அண்ணே உண்மையைச் சொன்னீங்க? இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தீங்க!"

"சரி, விடுங்க. இந்தக் குப்பையை அகற்றத்தானே உங்க பதினொரு பேருக்கும் காசு வரப்போகுது. லாரிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க."

புரோக்கர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "குப்பை உங்களோடதுதானே அண்ணே?"

மறுநாள் புருஷனும் மனைவியுமாகத் தள்ளுவண்டியில் எட்டு நடை அடித்து, மெத்தையையும் சோபாவையும் கதவையும் தெருமுனைத் தொட்டியில் சேர்த்தார்கள். தள்ளுவண்டிக்குப் புரோக்கர் வாடகை வாங்கவில்லை. அதைப் பிற்பாடு பல பேரிடம் சொன்னார்.

தாடைகளைச் சேர்க்க மனைவி விடவில்லை. "ஒன்பதாவது நடை எனக்குத் தெம்பு இல்ல. இது உள்ளேயே கிடக்கட்டும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தார். 1,143 ஜோடியில் 612 முழுசாக இருந்தன. பல்லுக்காரர் பேரேட்டை இறக்கி, உடைந்த எண்களைச் சிவப்பு மையால் அடித்தார். செய்வதற்கு அவருக்கு வேறு வேலையும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை கதவைத் தட்டியவர் அளவு ஆபீசர். பைல் இல்லை, டேப் இல்லை, முகக்கவசம் இருந்தது. கையில் பல் மருத்துவர் கொடுத்த பழைய அட்டை ஒன்று.

"ஐயா, ஒரு சொந்த விஷயம். வெள்ளத்தன்னிக்கு டம்ளர்ல ஊற வச்சிருந்தேன். டம்ளரோட போயிடுச்சு. டாக்டர் கிளினிக்கும் முழுகிடுச்சு, ரெண்டு மாசம் ஆகுமாம். 'பல்லுக்காரர்கிட்ட நகல் அச்சு இருக்கும், போங்க'ன்னு போன்ல சொன்னார். வியாழக்கிழமை மேலிடத்துக் குழு வருது. மைக் முன்னால நின்னு நான்தான் அறிக்கை வாசிக்கணும்."

அட்டையில் எண் 817. பல்லுக்காரர் பேரேட்டைப் புரட்டினார். மேல், கீழ் முழுச் செட். நிறம் இளமஞ்சள். கீழே வலக் கடைவாயில் சிறு முண்டு. மொட்டைமாடிக்குப் போய்த் தேடி எடுத்து வந்தார். ஓரத்தில் ஒரு செருப்பு நுனி பட்டுச் சிராய்த்திருந்தது, மற்றபடி முழுசு.

"இதுதான் சார் உங்க வாய். நாலாவது வீட்டு வரவேற்பறையில அலங்காரமா இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

ஆபீசர் அச்சைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் கீழே தாழ்ந்தன.

"எப்ப கிடைக்கும் ஐயா?"

பழைய பல்லுக்காரராக இருந்தால் நாளைக்கே என்று சொல்லியிருப்பார். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். மனைவி கதவோரம் வந்து நின்றார். இப்படியொரு காட்சியை முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

"மெழுகு வேலை கையால பண்ணிடுவேன். வேகவைக்கவும் செய்யலாம். பாலிஷுக்கு மோட்டார் வேணும் சார். மோட்டாருக்கு வச்சிருந்த காசு குப்பை அள்ளப் போயிடுச்சு. அந்தக் காசு வந்தா மோட்டார் வரும். மோட்டார் வந்தா பல் வரும்."

"உங்க மனு நிராகரிச்சு எழுதியாச்சே!"

"ஆமா சார், எழுதியாச்சு. அந்தத் தொழில் கழிவு ஆபீஸ் திறக்கட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல."

"வியாழக்கிழமை..."

"டீ குடிக்கிறீங்களா?"

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள், மறு ஆய்வில் மேற்படி தாடைகள் அலங்காரப் பொருட்களே என்று தெரியவந்ததாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது. மறு ஆய்வுக்கு யாரும் வரவில்லை. ஆய்வு செய்யக் குப்பையும் இல்லை. புதன் காலை பதினொரு மணிக்குப் பணம் வந்தது. 36,500 வர வேண்டும். 36,000 தான் வந்தது. அபராதம் கணினியில் ஏறிவிட்டதாம், இறக்க வழியில்லையாம். லாரிக்குப் போகவும் வரவும் அவர் கொடுத்தது 37,400. ஆக, குப்பையில் அவருக்கு நஷ்டம் ஆயிரத்து நானூறு; அதில் ஐநூறு, உண்மை பேசியதற்கான விலை.

அன்று மாலை மோட்டார் வாங்கினார். வியாழன் காலை எட்டு மணிக்கு ஆபீசர் வந்தபோது மேல் செட் பளபளவென்று தயாராக இருந்தது. போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். முகக்கவசம் இல்லாமல் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

"கீழ் செட்?"

"மைக்ல பேச மேல் செட் போதும் சார். கீழ் செட் சாப்பிடறதுக்குத்தான். அந்த ஐநூறு திரும்பி வரட்டும், குடுத்துடறேன்."

"அதை இறக்க ரெண்டு மாசம் ஆகும், ஐயா!"

"கஞ்சி குடிங்க. உடம்புக்கு நல்லது" என்றார் கதவோரத்திலிருந்து மனைவி.

குழுவின் முன்னால் ஆபீசர் அருமையாகப் பேசினார். ஒரே தெருவில் பன்னிரண்டு வீடுகளில் தாடை அலங்காரம் எப்படி என்று ஒருவர் கேட்டாராம். இவர் மேல்வரிசை மட்டும் தெரியச் சிரித்தாராம். அதோடு கேள்வி முடிந்துவிட்டதாம்.

கீழ் செட் இன்னும் பல்லுக்காரரின் மேசை இழுப்பறையில், பஞ்சு சுற்றி, 817 என்று எழுதிய பெட்டியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை ஆபீசர் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். அவர் வரும் நேரத்தில் பல்லுக்காரர் மின்கட்டண உறையில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்.